ஒற்றைப் பீப்பாய் ரம்: லேபிள் சொல்வதும் மூக்கு சொல்வதும்

"ரம்மா? கறுப்பா இருக்கும், இனிப்பா இருக்கும், கோக் ஊத்தி அடிக்கிறது." நம்மில் பெரும்பாலோருக்கு ரம் பற்றிய அறிவு இவ்வளவுதான். விமான நிலையக் கடைகளில் கொஞ்சம் உலாவியவர்கள் இதற்கு மேல் சில நம்பிக்கைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நிறம் கூடினால் வயது கூட, வயது கூடினால் தரம் கூட, 'சிங்கிள் காஸ்க்', அதாவது ஒற்றைப் பீப்பாய், என்று போட்டிருந்தால் அதற்கு மேல் சரக்கே கிடையாது. விலையையும் அதே வரிசையில்தான் வைக்கிறார்கள் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இங்கே பேசப்போவது அந்தக் கடைசி வகையைத்தான். கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மார்ட்டினிக் தீவில், கரும்புச்சாற்றை நொதிக்கவைத்து வடித்து, ஓக் மரப் பீப்பாயில் பல ஆண்டுகள் வைத்து, வேறெந்தப் பீப்பாயோடும் கலக்காமல் பாட்டிலில் அடைத்த ரம். ஒற்றைப் பீப்பாய் என்பதை நான் தர முத்திரையாக எடுத்துக்கொள்வதில்லை. யாரும் திருத்தாமல் அச்சுக்குப் போன கைப்பிரதி என்றுதான் நினைக்கிறேன். அதில் அருமையான பக்கமும் வரும், கோணல் எழுத்தும் வரும். அதைச் சுவைத்துப் பார்ப்பதென்றால், கோப்பையில் இருப்பதில் எது கரும்பு தந்தது, எது மரம் தந்தது என்று பிரித்து அறிவது. அதற்கு முதலில் இரண்டும் உள்ளே எப்படி வந்தன என்று தெரிய வேண்டும்.

கரும்பு ஜூஸும் வெல்லமும்

சாலையோர வண்டியில் கரும்பைப் பிழியும்போது எழும் வாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இனிப்புக்கு முன்னால் மூக்குக்கு வருவது பச்சை வாசம்: நறுக்கிய புல், ஈரத் தோகை, கொஞ்சம் மண். அதே கரும்பை ஆலைக்கொட்டகையில் காய்ச்சி வெல்லமாக்கும்போது பச்சை முழுக்கப் போய்விடுகிறது. காய்ந்த இனிப்பும் லேசான கருகலும்தான் மிஞ்சும். பயிர் ஒன்றுதான், வாசம் வேறு வேறு.

உலகில் விற்கும் ரம்மில் மிகப் பெரும்பகுதி இரண்டாவது பக்கத்தைச் சேர்ந்தது. சர்க்கரை ஆலையில் சாற்றைக் காய்ச்சி, எடுக்க முடிந்த சர்க்கரையை எல்லாம் படிகமாக எடுத்த பிறகு, இனி எடுக்க முடியாது என்று மிஞ்சும் கரிய பாகுதான் மொலாசஸ். அதைத் தண்ணீரில் கரைத்து, நொதிக்கவைத்து, வடித்தால் ரம். நமக்குப் பழக்கமான ஓல்ட் மாங்க் இந்த வகை. ஜமைக்கா, பார்படோஸ், கயானா ஆகிய நாடுகளின் பேர்போன ரம்களும் பெரும்பாலும் இதே வகைதான். இதில் கேவலம் ஒன்றுமில்லை. அபாரமான ரம்கள் மொலாசஸிலிருந்து வருகின்றன.

மார்ட்டினிக்கில் செய்வது முதல் பக்கம். சர்க்கரை எடுப்பதே இல்லை, பிழிந்த சாறு நேராக நொதிக்கப் போகிறது. இதற்குப் பிரெஞ்சில் 'ரம் அக்ரிகோல்' என்று பெயர், அதாவது வேளாண் ரம். ஆலைக் கழிவில் செய்ததைத் தொழிற்சாலை ரம் என்றும், வயலிலிருந்து வந்ததை வேளாண் ரம் என்றும் பிரித்தார்கள். பெயரிலேயே கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்கிறது.

சர்க்கரை விலை விழுந்ததால் பிறந்த குடி

பெருமை பின்னால் வந்தது. முதலில் வந்தது நெருக்கடி. நெப்போலியன் காலத்திலிருந்தே ஐரோப்பாவில் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது சந்தையை நிரப்ப, தீவுகளின் கரும்புச் சர்க்கரை விலை சரிந்தது. நிலம் இருக்கிறது, கரும்பு நிற்கிறது, சர்க்கரைக்கு விலை இல்லை. அப்படியானால் சாற்றையே வடித்துவிடலாம் என்று பலர் இறங்கினார்கள். ஓமேர் கிளெமான் என்ற மருத்துவர் 1887இல் லெ பிரான்சுவா ஊரில் ஒரு பழைய கரும்புத் தோட்டத்தை வாங்கினார். அந்தத் தோட்டம்தான் பிறகு கிளெமான் ரம்மின் வீடாக ஆனது.

1902 மே மாதம் பெலே எரிமலை வெடித்ததில் தீவின் ரம் வணிகத் தலைநகரான சேன்-பியேர் நகரமே அழிந்தது. ஏறத்தாழ 28,000 பேர் சில நிமிடங்களில் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றின் மகன் விக்தோர் தெபாஸ் பிரான்சில் படித்துக்கொண்டிருந்ததால் தப்பினார். திரும்பி வந்து அதே மலைச்சரிவில் 1917இல் வடிசாலை கட்டினார். தெபாஸ் ரம் இன்றும் அங்கேதான் வடிகிறது.

இந்தக் கதையில் நம் ஆட்களும் உண்டு. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்பு வெட்ட ஆள் தேடிய தோட்டக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பினார்கள். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் போனவர்கள் ஏறத்தாழ 25,000 பேர், அவர்களில் தமிழர் ஏராளம். தீவின் வடக்கே பாஸ்-புவேந்த் பகுதியில் மாரியம்மனையும் மதுரை வீரனையும் இன்றும் கும்பிடுகிறார்கள். ஒற்றைப் பீப்பாய் ரம்முக்குப் பேர்போன ஜே.எம். வடிசாலை இருக்கும் மக்கூபா அதற்கு அடுத்த ஊர்தான். வடக்கு மார்ட்டினிக் கரும்பு என்று லேபிளில் அழகாகப் போட்டிருப்பதைப் படிக்கும்போது, அந்தக் கரும்பை அந்தக் காலத்தில் யார் வெட்டினார்கள் என்பதும் எனக்கு நினைவுக்கு வரும்.

1996இல் மார்ட்டினிக் ரம்முக்குப் பிரெஞ்சு அரசு 'ஏ.ஓ.சி.' தகுதி கொடுத்தது. ஒரு பொருளை எந்த ஊரில், எந்த முறையில் செய்தால் அந்த ஊர்ப் பெயரைப் போடலாம் என்று சட்டமே வரையறுப்பதுதான் ஏ.ஓ.சி. பிரான்சின் ஒயினுக்கும் பாலாடைக்கட்டிக்கும் வெகுநாளாக இருப்பது. எந்த வயல், எந்தக் கரும்பு ரகம், எந்த மாதத்தில் வெட்டு, எத்தகைய வடிகலன், எத்தனை ஆண்டு மரத்தில் என்று எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு.

வாசனை எங்கே பிறக்கிறது

மொலாசஸைத் தொட்டியில் மாதக்கணக்கில் வைக்கலாம், கப்பலில் ஏற்றி வேறு கண்டத்துக்கே அனுப்பலாம். கரும்புச்சாறு அப்படித் தாங்காது. வெட்டிய கரும்பே ஓரிரு நாளில் புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே வடிசாலை வயலை ஒட்டி இருக்க வேண்டும், வேலையும் ஆண்டின் முற்பாதியில், அறுவடைக் காலத்தில் மட்டும்தான் நடக்கும். பிழிந்த சக்கையை எரித்தே கொதிகலனை ஓட்டுகிறார்கள்.

சாறு பெரிய திறந்த தொட்டிகளுக்குப் போகிறது. அங்கே நடப்பது நொதித்தல்: ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள், சில இடங்களில் அதற்கும் மேல். முடிவில் கிடைப்பது ஏறத்தாழ 5 சதவீத ஆல்கஹால் உள்ள, புளிப்பான கரும்புக் கள். ஆல்கஹாலோடு கூடவே அமிலங்களும் உருவாகின்றன. ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்தால் பிறப்பது எஸ்டர். பழ வாசனைகளில் பெரும்பாலானவை எஸ்டர்கள்தான். வாழைப்பழ வாசம் ஓர் எஸ்டர், அன்னாசி வாசத்திலும் எஸ்டர்கள் இருக்கின்றன. ரம்மில் பழம் மணக்கிறது என்று யாராவது சொன்னால் கற்பனை என்று சிரிக்க வேண்டாம். பழத்தில் இருக்கும் அதே மூலக்கூறு கோப்பையிலும் இருக்கிறது.

அடுத்தது வடிப்பு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். மார்ட்டினிக்கில் செம்பு கொண்டு செய்த உயரமான ஒற்றைத் தூண் கலன் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து கள் இறங்கும், கீழிருந்து நீராவி ஏறும், வழியில் அடுக்கடுக்கான தட்டுகளில் இரண்டும் மோதும்போது ஆல்கஹாலும் வாசனைகளும் ஆவியாகி மேலே போகும். கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. வெளியே வரும் வடி 65லிருந்து 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஓட்காவுக்கான சாராயத்தை 96 சதவீதம் வரை வடிப்பார்கள். அவ்வளவு தூரம் போனால் மூலப்பொருளின் வாசம் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. 70இல் நிறுத்தினால் மீதியில் கரும்பின் அடையாளம் தங்கும்.

பீப்பாயைப் பார்க்காத வெள்ளை ரம்மைக் கொஞ்சம் முகர்ந்தாலே அந்த அடையாளம் தெரிந்துவிடும். பச்சைப் புல், எலுமிச்சைத் தோல், மிளகு, உப்புநீரில் ஊறிய ஆலிவ் காய். மொலாசஸ் ரம்மோடு பழகியவர்கள் முதல்முறை முகம் சுளிப்பது வழக்கம். இந்தப் பச்சையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய ரம்மில் தேடப்போவது இதைத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சர்க்கரை எடுக்காத புதுச்சாறு, பழ வாசனை தரும் எஸ்டர்களை உண்டாக்கும் நொதித்தல், வாசனையைத் துடைத்துவிடாத அளவான வடிப்பு. இந்தக் கட்டத்தில் ரம்முக்கு நிறமும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சர்க்கரை ஆவியாகாது, கலனிலேயே தங்கிவிடும்.

மரம் என்ன செய்கிறது

'வியூ', அதாவது முதிர்ந்த ரம், என்று மார்ட்டினிக்கில் பெயர் போட வேண்டுமானால் 650 லிட்டருக்குக் குறைவான ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு இருந்திருக்க வேண்டும். வி.எஸ்.ஓ.பி. என்றால் நான்கு, எக்ஸ்.ஓ. என்றால் ஆறு. பீப்பாய்களில் பல அமெரிக்காவில் பூர்பன் விஸ்கி வைத்திருந்த 200 லிட்டர் பீப்பாய்கள். பூர்பனுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பிரெஞ்சு ஓக்கில் செய்த புதிய பீப்பாய்களும், கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தி வைத்திருந்தவையும் கூட உண்டு.

பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டித்தான் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் மரத்தின் உறுதிப்பொருளான லிக்னின் உடைந்து வனிலின் ஆகிறது. வனிலா ஐஸ்கிரீமின் வாசனை அதுவேதான். மரத்திலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் கருகிக் கேரமல் வாசம் தருகின்றன. ஓக்குக்கே உரிய லாக்டோன் என்ற பொருள் கொப்பரை வாசம் கொடுக்கும். கிராம்பில் இருக்கும் யூஜினால் ஓக்கிலும் கொஞ்சம் இருக்கிறது. டானின் என்பது துவர்ப்பு, வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் நாக்கை இழுத்துப் பிடிப்பது. ரம்மின் செம்பழுப்பு நிறமும் இப்படிக் கரைந்து வருவதே.

இது ஒரு வேலை, கரைத்தல். இரண்டாவது வேலை மெதுவாக நடப்பது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, உள்ளே இருப்பதை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. முரட்டு வாசங்கள் தணிகின்றன, புதிய எஸ்டர்கள் உருவாகின்றன. மிகப் பழைய ரம்களில் அக்ரூட் பருப்பு, காளான், பழைய தோல் பை போன்ற ஒரு மணம் வரும். கோன்யாக் காரர்கள் இதற்கு 'ரான்சியோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொழுப்பு அமிலங்கள் நீண்ட காலம் காற்றுபட்டு மாறுவதால் வருவது, அவசரப்படுத்தி வரவழைக்க முடியாது.

தேவதைகள் குடித்த கணக்கு

மூன்றாவது வேலை ஆவியாதல். பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் காற்றோடு போவதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் அது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். கரீபியன் வெப்பத்தில் 6, 7, சில கிடங்குகளில் அதற்கும் மேல்.

கேட்க அழகான பெயர், கணக்குப் போட்டால்தான் உறைக்கும். 200 லிட்டர் பீப்பாய், ஆண்டுக்கு 2 சதவீத இழப்பு என்றால் பத்தாண்டு கழித்து ஏறத்தாழ 163 லிட்டர் மிஞ்சும். 70 செ.லி. பாட்டிலில் 233. அதே பீப்பாய், ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் மிஞ்சுவது 97 லிட்டர்தான், 138 பாட்டில். பாதிக்கும் மேல் கூரை வழியே போய்விட்டது. விலை ஏன் அப்படி என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. (மீதிப் பாதி அழகான மரப்பெட்டியும் எண் போட்ட லேபிளும்.)

ஆவியாகும்போது வாசனைப் பொருள்கள் அடர்த்தியாகின்றன, மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து அடர்த்தியாகிறது. கிடங்கின் ஈரப்பதமும் முக்கியம். ஈரம் கூடிய கிடங்கில் ஆல்கஹால் முந்திப் போகும், கடுமை (அதாவது ஆல்கஹால் சதவீதம்) மெல்ல இறங்கும். வறண்ட கிடங்கில் தண்ணீர் முந்தும், கடுமை ஏறவும் செய்யலாம். இதற்காகத்தான் "வெப்பநாட்டில் ஓராண்டு, ஸ்காட்லாந்தில் மூன்றாண்டுக்குச் சமம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு அந்தச் சமன்பாடு பிடிக்காது. மரத்தைக் கரைக்கும் வேலை வெப்பத்தில் பல மடங்கு வேகமாக நடக்கும் என்பது சரி. காற்றுபட்டுக் கனியும் வேலை அதே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. ஆகவே வெப்பநாட்டு ரம்மில் உள்ள ஆபத்து, கனிவதற்கு முன்பே மரம் மேலேறிவிடுவது. 20 ஆண்டு என்று போட்ட பாட்டிலைவிட 8 ஆண்டுப் பாட்டில் மேலாக இருப்பது இங்கே அதிசயமே இல்லை.

ஒற்றைப் பீப்பாய் என்றால் என்ன பொருள்

சாதாரணமாக ஒரு வி.எஸ்.ஓ.பி. பாட்டில் பல பீப்பாய்களின் கலவை. ஒன்றில் மரம் தூக்கலாக இருக்கும், இன்னொன்று வெளிறிப்போய் இருக்கும், மூன்றாவதில் பழம் நன்றாக இருக்கும். கிடங்குப் பொறுப்பாளர் இவற்றைக் கலந்து, போன ஆண்டுப் பாட்டிலின் சுவையே இந்த ஆண்டும் வரும்படி சரிசெய்கிறார். பெரிய கைத்திறமை அது. கலவை என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் அந்தத் திறமையைப் பார்த்ததில்லை.

ஒரே நாளில், ஒரே கலனிலிருந்து வடித்ததை அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பீப்பாய்களில் ஊற்றினாலும் பத்தாண்டு கழித்து இரண்டும் ஒன்றாக இருக்காது. மரம் வேறு, வாட்டிய அளவு வேறு, கிடங்கில் கூரைக்கு அருகே இருந்ததா தரையில் இருந்ததா என்பது வேறு. அவற்றில் ஒன்றைத் தனியாக எடுத்து, எதோடும் கலக்காமல் அடைப்பதுதான் ஒற்றைப் பீப்பாய். தண்ணீரும் சேர்க்காமல் பீப்பாயில் இருந்த கடுமையிலேயே அடைத்தால் அது 'பீப்பாய்க் கடுமை', பிரெஞ்சில் 'ப்ரூ து ஃபூ'. இரண்டும் வேறு வேறு விஷயம். ஒற்றைப் பீப்பாய் ரம்மில் தண்ணீர் சேர்த்து 42 சதவீதத்துக்கு இறக்கியதும் உண்டு.

ஒரு நுணுக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆவியாகிக் குறைந்த பீப்பாயை, அதே ஆண்டில் வடித்த வேறு பீப்பாயைக் கொண்டு நிரப்புவது மார்ட்டினிக்கில் வழக்கம், 'உய்யாழ்' என்பார்கள். நல்ல பழக்கம்தான், மரம் மேலேறாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அப்படி நிரப்பியதைக் கறாராக ஒற்றைப் பீப்பாய் என்று சொல்ல முடியாது. நல்ல லேபிளில் பீப்பாய் எண், வடித்த நாள், பாட்டிலில் அடைத்த நாள், கடுமை, மொத்தம் எத்தனை பாட்டில் என்பவை இருக்கும். பாட்டில் எண்ணிக்கையை மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 15 ஆண்டுப் பழைய சின்னப் பீப்பாயிலிருந்து 300 பாட்டில் வந்ததாகப் போட்டிருந்தால், கேள்வி கேட்கலாம்.

சுருக்கமாக: பீப்பாய் தருவது கரைந்த மரம், காற்றால் வந்த கனிவு, ஆவியானதால் வந்த அடர்த்தி. ஒற்றைப் பீப்பாயில் இந்த மூன்றின் விகிதத்தையும் யாரும் திருத்தவில்லை.

கோப்பையில்

மேலே குறுகிய, டியூலிப் வடிவக் கோப்பை வேண்டும். சின்ன ஒயின் கோப்பை போதும். படங்களில் வரும் பெரிய பலூன் கோப்பை ஆல்கஹாலைத்தான் முகத்தில் அடிக்கும். 20 மி.லி. ஊற்றினால் தாராளம். ஐஸ் வேண்டாம். குளிர்ந்தால் வாசனை எழாது, துவர்ப்பு மட்டும் முன்னால் நிற்கும். நம் கோடையில் 34 டிகிரி அறையிலும் வேண்டாம், ஆல்கஹால் முண்டியடித்து எழும். ஏ.சி. அறையில் அரைமணி நேரம் பாட்டிலை வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஊற்றியதும் குடிக்காதீர்கள். ஓராண்டு வயதுக்கு ஒரு நிமிடம் காத்திரு என்று பழக்கப்பட்டவர்கள் சொல்வார்கள். அது விஞ்ஞானமில்லை, பொறுமைக்கு ஒரு சாக்கு. ஆனாலும் பலன் உண்டு, எளிதில் ஆவியாகும் காரமான பகுதி முதலில் போய்விடும். காத்திருக்கும்போது கோப்பையைச் சாய்த்தால் உட்சுவரில் கோடுகோடாக வழியும். அதைக் காட்டி "பார், எவ்வளவு கனம்" என்று சொல்பவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். ஓரத்தில் ஆல்கஹால் ஆவியாகிப் பரப்பு இழுவிசை மாறுவதால் வருகிற கோடுகள் அவை. ஆல்கஹால் நிறைய இருக்கிறது என்பதைத் தவிர வேறு சேதி பெரிதாக இல்லை.

பிறகு மூக்கு. கோப்பைக்குள் மூக்கை நுழைத்து இழுத்தால் எரிச்சல்தான் வரும், அதன்பின் சில நிமிடம் மூக்கு வேலை செய்யாது. கோப்பையை மோவாய்க்கு நேரே வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். முதலில் வருவது அநேகமாக மரம்: வனிலா, கேரமல், கொப்பரை. இது எளிதான பகுதி, எல்லாப் பீப்பாய்ச் சரக்கிலும் வரும். அதைத் தாண்டி என்ன என்று தேடுங்கள். வடக்கு மார்ட்டினிக்கில் வடித்த ஒரு பதினோராண்டு ரம்மில் முதல் ஐந்து நிமிடம் எனக்குக் கிடைத்ததெல்லாம் பேரீச்சையும் மெழுகு தேய்த்த மேசையும்தான். கோப்பையை அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பியபோது ஆரஞ்சுத் தோல், வெண்மிளகு, அவற்றுக்கும் அடியில் சன்னமாக, பிழிந்து கொஞ்ச நேரமான கரும்பின் வாசம். பதினோரு ஆண்டு மரத்துக்குள் இருந்தும் சாறு சாகவில்லை. இந்த வகை ரம்மில் நான் தேடுவது அதுதான்.

அடுத்து வாய். முதல் வாய் சுவைப்பதற்கில்லை, நாக்கைப் பழக்குவதற்கு. எரிச்சல் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போகும். மிளகாய்க் காரத்தை உணரும் நரம்பு ஏற்பி, வழக்கமாக 42 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்குத்தான் விழிக்கும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் வாயின் சூடே அதற்கு மேல். ஆக, ரம் சுடவில்லை, நம் வாயின் சொந்தச் சூடே நம்மைச் சுடுகிறது.

இரண்டாவது வாய் பட்டாணி அளவு போதும். ராவாக அடித்து இறக்கும் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். நாக்கில் புரளவிட்டு, விழுங்கி, வாயை மூடியபடி மூச்சை மூக்கு வழியே விடுங்கள். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, தொண்டைக்குப் பின்னால் இருந்து மூக்குக்கு ஏறும் வாசனைதான். சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பது இதனால்தான். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி, கூடவே தொடு உணர்வாகத் துவர்ப்பு, எரிச்சல், வழவழப்பு.

கரும்பும் மரமும் எவ்வளவு என்று எடைபோடும் இடம் இந்த மூச்சில்தான் இருக்கிறது. விழுங்கியபின் பச்சையோ மிளகோ சிட்ரஸோ எட்டிப் பார்த்தால் கரும்பு இருக்கிறது. ஈறு வறண்டு, நாக்கு இழுத்துப் பிடித்து, பென்சில் சீவிய வாசத்தோடு கசப்பு நீண்டுகொண்டே போனால் மரம் ஜெயித்துவிட்டது. அப்படிப்பட்ட பாட்டில்கள் அதிக விலைக்கு விற்பதும் உண்டு. 'ஆழமானது' என்று பாராட்டு வேறு எழுதுவார்கள்.

தண்ணீர் சேர்ப்பது குற்றமா

இல்லை. 55 சதவீதத்தில் இருக்கும் ரம்மில் தண்ணீர் சேர்க்காமல் குடிப்பதை வீரமாக நினைப்பவர்கள் பாதி வாசனையை இழக்கிறார்கள். வாசனை மூலக்கூறுகளில் பல தண்ணீரைவிட ஆல்கஹாலோடு ஒட்டி உறவாடுபவை. கடுமை அதிகமாக இருக்கும்போது அவை திரவத்துக்குள்ளேயே ஆல்கஹாலால் சூழப்பட்டுக் கிடக்கும். தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வந்து காற்றில் எழும். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், விஸ்கியின் புகை வாசத்துக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறை வைத்துக் கணினியில் இதைக் காட்டினார்கள். ரம்மிலும் அடிப்படை இதுவே.

எவ்வளவு? 20 மி.லி. ரம் 55 சதவீதத்தில் இருக்கிறதென்றால், 4 மி.லி. தண்ணீர் அதை 46க்குக் கொண்டுவரும். ஒரு தேக்கரண்டிகூட முழுதாக வேண்டாம். ஒரே தடவையாக ஊற்றாமல் கால் தேக்கரண்டியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். அடக்கமாக இருந்த பழமும் பூவும் சட்டென்று எழும் ஒரு புள்ளி வரும், அதற்கு மேல் போனால் தொளதொளத்துவிடும். சேர்த்தவுடன் லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். நீரில் கரையாத எஸ்டர்களும் கொழுப்பு அமிலங்களும் பிரிந்து நிற்கின்றன, அவ்வளவுதான். கலங்கக் கூடாதென்று சிலர் பாட்டிலில் அடைக்குமுன் குளிரவைத்து வடிகட்டிவிடுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வாயில் உடம்பு கொஞ்சம் குறையும்.

நிறமும் இனிப்பும்

நிறத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. புதுப் பீப்பாய் இரண்டே ஆண்டில் கருக்கவைக்கும், நாலாவது முறை பயன்படும் பழைய பீப்பாய் பத்தாண்டிலும் வைக்கோல் நிறம்தான் தரும். போதாததற்கு ரம்மில் கேரமல் நிறமி சேர்க்கப் பல நாடுகளில் சட்டம் இடம் கொடுக்கிறது.

இனிப்பும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுவாக ரம்மில் லிட்டருக்கு 20 கிராம் வரை இனிப்பு சேர்க்கலாம், மார்ட்டினிக் ஏ.ஓ.சி. அதற்கு இடம் தருவதில்லை. ஆகவே இந்த ரம் வாசனையில் இனித்து, வாயில் வறண்டு இருக்கும். வனிலா மணத்தால் இனிப்பை எதிர்பார்க்கும் மூளை ஏமாந்து, "கடுமையா இருக்கே" என்று புகார் சொல்லும். மூன்றாவது வாயில் அது பழகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது

நேராக ஒற்றைப் பீப்பாய் பாட்டிலில் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒரே வடிசாலையின் வெள்ளை ரம், அதன் வி.எஸ்.ஓ.பி., பிறகு அதன் ஒற்றைப் பீப்பாய், இந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் மட்டுமே மரம் எதை மாற்றியது என்று தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் செலவும் தாங்கும், ஒருவர் மூக்குக்குத் தப்பியது இன்னொருவருக்குக் கிடைக்கும். மற்றவர் சொல்வதைக் கேட்குமுன் உங்களுக்குத் தோன்றியதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஒருவர் "அத்திப்பழம்" என்று சொல்லிவிட்டால் பிறகு மேசையில் எல்லோருக்கும் அத்திப்பழம்தான்.

திறந்த பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும். வெயில் படக் கூடாது. பாதிக்குக் கீழே போய்விட்டால் மேலே இருக்கும் காற்று வாசனையை மெல்ல மழுக்கும். சுத்தமான சின்னப் பாட்டிலுக்கு விளிம்பு வரை மாற்றி மூடிவைத்தால் மேலும் பல மாதங்கள் தாங்கும்.